எழுந்து போகிறவர்கள்: முதியோர் வகுப்பறையில் கவனம் என்னும் பிரச்சினை

1

முதியோர் கல்விப் பயிற்சி முகாம் எதற்குப் போனாலும் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "வர்றவங்கள எப்பிடிங்க கடைசி வரைக்கும் உக்கார வைக்கிறது?" கேட்கிறவர் பெரும்பாலும் இருபது வயதுத் தொண்டராக இருப்பார். பயிற்சியாளரிடம் பதில் தயாராக இருக்கும். பாட்டுச் சொல்லுங்கள், விடுகதை போடுங்கள், வட்டமாக உட்கார வையுங்கள், கைதட்டி விளையாட வையுங்கள், படத்தைக் காட்டிப் பேச வையுங்கள். எல்லோரும் குறித்துக்கொள்வோம். நானும் குறித்துக்கொண்டவன்தான். பிறகு சில ஆண்டுகள் அதே பதிலை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும்கூட. அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு விளையாட்டைச் சேர்க்கும் உத்தேசம் இக்கட்டுரைக்கு இல்லை. கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

'உட்கார்வது' தன்வினை, 'உட்கார வைப்பது' பிறவினை. கேள்வி பிறவினையில்தான் கேட்கப்படுகிறது. உட்கார வைக்கிற ஒருவர், உட்கார வைக்கப்படுகிற இன்னொருவர் என்ற ஏற்பாட்டை அது முதலிலேயே செய்துவிடுகிறது. குழந்தைகள் விஷயத்தில் இந்த ஏற்பாட்டை வீடு, பள்ளி, சட்டம் எல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடிக்கின்றன. பாடம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் எழுந்து வீட்டுக்குப் போய்விட முடியாது. எனவே பள்ளி ஆசிரியருக்குத் தன் பாடம் எவ்வளவு மோசம் என்பது கடைசிவரை தெரியாமலே போக வாய்ப்புண்டு. முதியோர் வகுப்பில் அந்தச் சௌகரியம் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சண்டை போடமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள். "நாளைக்கி வர்றேன் தம்பி" என்பார்கள். அந்த நாளை வராது.

இலக்கிய விமர்சனத்தில் நாம் இதற்கு நேர்மாறாக யோசிக்கப் பழகியிருக்கிறோம். ஒரு நாவலைப் பாதியில் மூடிவைத்தவரிடம் போய் உங்களுக்கு ஆர்வமில்லை என்று யாரும் சொல்வதில்லை. நாவலில் என்ன கோளாறு என்று பார்க்கிறோம். பிரதியைத் தன் விருப்பப்படி வாசிக்கவும், மறுக்கவும், இடையில் நிறுத்தவும் வாசகருக்கு உரிமை உண்டு என்று இதுபோன்ற பத்திரிகைகளில் பக்கம்பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த உரிமை, பாடநூலை மூடிவைத்துவிட்டு எழுந்து போகிற எழுத்தறியாத பெண்ணுக்கு உண்டா? வகுப்புப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ஆர்வமின்மை' என்றுதான் எழுதினோம். எழுந்து போவதும் ஒரு வாசிப்பு, அதுவும் கறாரான வாசிப்பு என்று நமக்குத் தோன்றவே இல்லை.

2

1990களின் தொடக்கம். மழை பொய்த்தால் கல்லுடைக்கவும் கரிமூட்டத்துக்கும் போகிற தென்மாவட்டக் கிராமம் ஒன்றின் காலனித் தெரு. அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள், மடியில் பிள்ளைகள். எட்டு மணி வகுப்பு என்று பெயர். உலை வைத்து, சோறாக்கி, ஆம்பளைகள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வருவதற்குள் ஒன்பதரை ஆகிவிடும். வகுப்பை எங்கே வைப்பது என்பதிலேயே யார் வருவார்கள் என்பது முடிவாகிவிட்டிருந்தது. கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிக்காரர்கள் வரமுடியாது. காலனியில் வைத்தால் ஊர்க்காரர்கள் வரமாட்டார்கள். இந்த 'முடியாது'க்கும் 'மாட்டார்கள்'க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாடநூல் எதுவும் சொல்லித்தரவில்லை. கடைசியில் தெருவுக்கொரு வகுப்பு என்று ஆயிற்று.

அறிவொளிப் பாடநூலில் முதலில் வரும் சொற்களில் ஒன்று 'பட்டா'. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ப, ட இரண்டும் சுழி இல்லாத எழுத்துகள். கோடு போடத் தெரிந்தாலே எழுதிவிடலாம். அது மட்டுமல்ல, நிலமில்லாதவர்களிடம் நிலத்தைப் பற்றிய பேச்சைத் தொடங்கிவைக்கிற சொல் அது. அம்மா, ஆடு, இலை என்று தொடங்குகிற அரிச்சுவடியைவிட எவ்வளவோ மேலான தொடக்கம்.

நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா கேட்டார்: "ஏந் தம்பி, எங்க மாமனாரு காலத்துலருந்து அந்தக் கொல்லைல நாங்கதான் பாடுபடுறோம். பட்டா அவுக பேர்ல கெடக்கு. இத எழுதப் படிச்சுட்டா எம் பேருக்கு மாறிருமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் அப்பறம் பேசுவோம் அத்தே. இப்ப எழுதுங்க. ப... ட்... டா."

அவர் எழுதினார். கோணாமல் எழுதினார். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. பதிவேட்டில் நான் எழுதிய வார்த்தை எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று அந்த வகுப்பில் அவரைவிடக் கவனமாக இருந்தவர் யாருமில்லை. மற்றவர்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொல்லைப் படித்துவிட்டார். அவருடைய கவனம் பாடத்தைத் தாண்டிப் போயிற்று. என்னால் அதன் பின்னால் போக முடியவில்லை. கற்பவரின் கவனக் குறைவு என்று நாம் எழுதிவைப்பவற்றில் பாதியாவது இப்படிக் கற்பிப்பவர் பின்வாங்கிய இடங்களாக இருக்கும்.

3

பாவ்லோ ஃப்ரேய்ரேயின் பெயரைச் சொல்லாமல் அந்த நாட்களில் பயிற்சி முகாம் நடந்ததில்லை. மாணவரை வெற்றுப் பெட்டியாகவும் ஆசிரியரைப் பணம் போடுகிறவராகவும் பார்க்கிற கல்வியை 'வங்கிமுறைக் கல்வி' என்று அவர் சொன்னது எங்களுக்கு மனப்பாடம். அதையும் எங்களுக்கு வங்கிமுறையில்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

1963இல் பிரேசிலின் வடகிழக்கிலுள்ள ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 கூலி உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் ஃப்ரேய்ரேயின் முறைப்படி எழுத்துக் கற்பிக்கப்பட்டது. அவர் முறையை விளக்க எடுத்துக்காட்டாக வரும் சொற்களில் ஒன்று செங்கல்லைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். முதலில் படத்தை வைத்துப் பேச்சு: யார் வீட்டைக் கட்டுகிறார், அதில் யார் குடியிருக்கிறார். பேச்சு முற்றிய பிறகுதான் சொல். பிறகு சொல்லை அசைகளாக உடைத்து, அசைகளைக் கோத்துப் புதுச் சொற்களைக் கற்பவர்களே உண்டாக்குவார்கள். 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃப்ரேய்ரே சிறைக்குப் போனார், பிறகு நாட்டைவிட்டே போனார்.

நாம் கவனிக்கத் தவறிய வித்தியாசம் ஒன்று இங்கே இருக்கிறது. அன்றைய பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டுரிமை இல்லை. 1985இல்தான் அது கிடைத்தது. ஆக, 300 பேர் எழுதப் படிக்கக் கற்பது என்றால் 300 புது ஓட்டுகள். அதனால் அங்கே அரிச்சுவடிக்கே அரசியல் வெடிமருந்து வாசனை இருந்தது. இந்தியாவிலோ 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே எழுத்தறியாதவர்கள் சின்னம் பார்த்து ஓட்டுப்போட்டுவிட்டார்கள். எழுத்து அவர்களுக்குக் குடியுரிமையின் நுழைவுச்சீட்டாக இருக்கவில்லை. எனவே இங்கே அரசே எழுத்தறிவு இயக்கத்தை நடத்த முடிந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்தடுத்து மாவட்டங்கள், ஆட்சியர்கள், இடதுசாரித் தொண்டர்கள், அறிவியல் இயக்கத்தார், கலைக்குழுக்கள் எல்லோரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். அதன் சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மேடையில்லாமல் அந்தத் தெருவுக்கு அரிக்கேன் விளக்கோடு யாரும் போயிருக்கமாட்டார்கள். ஆனால் அரசும் இயக்கமும் சேர்ந்து கட்டிய வகுப்பறையில் ஃப்ரேய்ரேயின் முறை இரண்டாகப் பிளந்துபோயிற்று. சொல் பாடநூலுக்குள் வந்தது; அந்தச் சொல் கிளப்பவேண்டிய பேச்சு, நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தொண்டரின் தலையில் விடப்பட்டது. 'பட்டா' என்பது மூன்று எழுத்துச் சேர்க்கை ஆகிவிட்டது.

4

வகுப்பறை கற்பவரை எப்படிக் கற்பனை செய்துவைத்திருந்தது என்பதை அதன் அளவுகோல்களில் பார்க்கலாம். எழுத்தறிவு பெற்றவர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்கவேண்டும். பார்த்து எழுதுவதானால் நிமிடத்துக்கு 7 சொல். சொல்வதைக் கேட்டு எழுதுவதானால் 5 சொல். கணக்கில் ஒன்று முதல் நூறு வரை எண்கள், மூன்றிலக்கம் வரை கூட்டல் கழித்தல், இரண்டிலக்கம் வரை பெருக்கல் வகுத்தல். பின்னம் வேண்டியதில்லை.

பின்னம் வேண்டியதில்லை என்ற அந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் வகுப்புக்கு வந்த பெண்கள் பின்னத்திலேயே வாழ்ந்தவர்கள். அறுப்புக் கூலியை நெல்லாக வாங்கும்போது படிக்கும் அரைப்படிக்கும் கால்படிக்கும் இடையே யாரும் அவர்களை ஏமாற்றிவிட முடியாது. கால், அரை, முக்கால், அரைக்கால் எல்லாம் நாக்கில் இருந்தன. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்பது எனக்குத் தெரியாது. அவர்களில் வயதான ஒருவருக்குத் தெரியும். "ரெண்டேமுக்காப் படி, அஞ்சு நாளு, அதுல அரப்படி கடனுக்குக் கழிச்சாச்சு" என்று கணக்குச் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். நான் விரலை மடக்கிக்கொண்டிருப்பேன். இவருக்கு நான் 3+2=5 சொல்லிக்கொடுத்தேன். ஐந்து வாழைப்பழப் படம் போட்டு.

கொட்டாவி வராமல் என்ன செய்யும்?

'அறிவொளி' என்ற பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. ஒளி வருகிறது என்றால் அதுவரை இருந்தது இருட்டு. எழுத்தை எல்லாச் சமூக உறவுகளுக்கும் வெளியே நிற்கிற, தானாகவே மனிதரை மாற்றிவிடுகிற ஒரு சக்தியாகப் பார்க்கும் நோக்கை பிரையன் ஸ்ட்ரீட் 1984இல் எழுதிய நூலில் கேள்விக்குள்ளாக்கினார். எழுத்து எப்போதும் யாரோ ஒருவரின் எழுத்து, ஏதோ ஒரு உறவுக்குள் புழங்குகிற எழுத்து என்பது அவர் தரப்பு. அவரைப் படிக்காமலே இதை அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்கள். எழுத்து அவர்களுக்குப் புதிதல்ல. கடன்பத்திரமாக, ரேஷன் கார்டாக, பட்டாவாக அது ஏற்கெனவே அவர்கள் வாழ்க்கைக்குள் நுழைந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. எழுத்தின் ஆட்சிக்குள் பிறந்து வளர்ந்தவர்களிடம் எழுத்தை வாழைப்பழமாக்கிக் காட்டினோம்.

அமெரிக்கரான மால்கம் நோல்ஸ் 1970இல் வயது வந்தோர் கற்பது பற்றி எழுதிய நூல் பின்னாளில் பயிற்சித் தொழிலின் வேதமாயிற்று. அவர் சொன்னவற்றில் முக்கியமானது, வயது வந்தவர் அனுபவத்தோடு வருகிறார், அந்த அனுபவமே பாடத்துக்கான மூலதனம் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் இன்று நாற்பது வயதுக்காரர்களை எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்திலிருப்பவரின் பெயரோடு ஒரு பழத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்ல வைக்கிறார்கள். கைதட்ட வைக்கிறார்கள். தூங்காமல் இருப்பார்களாம். வயது வந்தவரைத் தூங்கவிடாமல் வைப்பதற்காக அவரைக் குழந்தையாக்குவது என்ற தந்திரம் காலனித் தெருவிலிருந்து குளிரூட்டப்பட்ட அறைவரை ஒன்றுதான். அறையில் இருக்கிறவர் சம்பளத்துக்காகப் பொறுத்துக்கொள்கிறார். தெருவில் இருக்கிறவருக்கு அந்தக் கட்டாயமில்லை.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்ட பெண் இரவு ஒன்பதரைக்கு விளக்கடியில் தூங்கினால் அது தூக்கம். அதற்குக் கல்வியியல் விளக்கம் தேவையில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் வகுப்பை நிறுத்திவைத்து, வேலையற்ற மாதங்களில் நடத்தியிருந்தால் பல பேர் தங்கியிருப்பார்கள். ஆனால் ஏறத்தாழ 200 மணி நேரத்தில் மூன்று பாடநூலையும் முடிக்கவேண்டும் என்ற கணக்கு இருந்தது. இலக்குத் தேதி ஒன்று இருந்தது. அது பயிரைக் கேட்டு வைத்த தேதி அல்ல.

5

ஒரு இரவு மட்டும் வகுப்பு நிரம்பி வழிந்தது. தெருவின் அடிபம்பு மூன்று மாதமாகப் பழுது. மனு எழுதலாம் என்று பேச்சு வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். பட்டா பற்றிக் கேட்ட அம்மாவும் வந்தார்.

எனக்குள் அப்போது ஒரு கொள்கை இருந்தது. மக்கள் மொழியில் எழுதவேண்டும்; எழுத்துத் தமிழ் மேலாண்மையின் மொழி; பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவருவதே விடுதலை. எனவே அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன்: எங்க தெரு பம்புல மூணு மாசமாத் தண்ணி வரல, கேட்டா யாரும் வந்து பாக்கல. எழுதிவிட்டுப் பெருமையோடு படித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

"என்ன தம்பி, நாங்க பேசுற மாரியே எழுதிருக்கீக?" என்றார் ஒருவர். "ஆபீசுக்குப் போற மனுல்ல இது? அவுக படிச்சுட்டுச் சிரிக்கவா? நல்லாத் திருத்தி எழுதுங்க."

எனக்கு அது பெரிய அடி. என் கொள்கையை அவர்கள் நிராகரித்தார்கள் என்பதற்காக மட்டுமல்ல. ஏன் நிராகரித்தார்கள் என்பது உடனே புரிந்துவிட்டதற்காக. எழுத்துத் தமிழ் கைவசமுள்ள நான் அதை வேண்டாம் என்று சொல்லலாம். அது ஒருவகை ஆடம்பரம். அந்த மொழியை ஒருநாளும் கையாண்டிராதவர்களிடம் போய், உங்கள் பேச்சே போதும், அதுதான் அழகு என்று சொல்வது, கோயிலுக்குள் இருந்துகொண்டு வெளியே நிற்பவரிடம் உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்வதற்குச் சமம். பேச்சு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் வகுப்புக்கு வந்ததே மற்றதைப் பெறத்தான்.

இரண்டு இரவுகள் 'கீழே கையொப்பமிட்டுள்ள' என்ற தொடரை எழுதிப் பழகினார்கள். பாடநூலின்படி அந்தச் சொல் மூன்றாம் நூலுக்கும் அப்பால் வரவேண்டியது. ஐகாரம், இரட்டித்த ஒற்றுகள், ளகரம் எல்லாம் ஒரே சொல்லில். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. எளிமையிலிருந்து கடினத்துக்குப் போகவேண்டும் என்ற விதி அங்கே உடைந்தது. தேவையில்லாத எளிய சொல்தான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. பம்பு சரியாக இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனு எழுதியவுடன் தண்ணீர் கொட்டியது என்று கதை முடிக்க எனக்கு உரிமையில்லை. அந்த மனுவில் அவர்களுடைய கோபம் இல்லை என்பதும் உண்மை. 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்ற வரியில் அது கரைந்துபோயிற்று. அலுவலகத்தின் மொழியைக் கையில் எடுப்பவர் அதன் பணிவையும் சேர்த்தே எடுக்கவேண்டியிருக்கிறது. இதற்கு என்னிடம் தீர்வில்லை. ஆனால் அந்த பேரத்தைச் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கவேண்டியவர் நானல்ல.

எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த அம்மா சொன்னார்: "இதே மாரி அந்தக் கொல்லைக்கும் ஒரு மனு எழுதிருவமா தம்பி?"

நான் அன்றைக்கும் அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

இதை எந்தப் பயிற்சி முகாமிலும் நான் சொன்னதில்லை. அந்தக் கொல்லைக்குப் பட்டா வைத்திருந்தவர் எனக்குத் தூரத்து உறவு. முதல் நாள் அவர் கேள்வி கேட்டபோதே எனக்குத் தெரியும், யாரைச் சொல்கிறார் என்று. பாடத்தின் ஒழுங்கு கெட்டுவிடக்கூடாது என்பதற்காக நான் 'ப... ட்... டா' என்று சொல்லவில்லை. பேச்சு போகிற திசையைப் பார்த்துப் பயந்து சொன்னேன். கற்பித்தல் முறை எனக்கு ஒளிந்துகொள்ள இடம் தந்தது. அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. தெருவில் பார்த்தால் மரியாதையாகப் பேசுவார், "நல்லாருக்கீகளா தம்பி" என்பார். அவ்வளவுதான்.

6

கையெழுத்து மட்டும் கற்றுக்கொண்டு நின்றுவிட்டவர்களையும் இடைநின்றவர்கள் கணக்கில்தான் சேர்த்தோம். பதிவேட்டுக்கு அது தோல்வி. ஆனால் 'கைநாட்டு' என்பது இந்தச் சமூகத்தில் ஒரு வசவு. மைப்பெட்டிக்கு முன்னால் கட்டைவிரலை யாரோ பிடித்து அழுத்துகிற அந்தக் கணத்தின் கூச்சத்தை ஒழிக்க வந்தவர், அது ஒழிந்ததும் போய்விட்டார். வந்த காரியம் முடிந்தது. மருந்து வாங்க வந்தவர் கடையிலேயே உட்கார்ந்திருக்கவில்லை என்று யாராவது குறைபட்டுக்கொள்வார்களா? வயது வந்தவர் எவ்வளவு கற்பது என்பதையும் அவரே முடிவுசெய்கிறார் என்பதை நம்மால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆட்களை உட்கார வைக்கும் பிரச்சினையே எழாத வகுப்பு ஒன்றும் அந்த ஆண்டுகளில் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, பெண்கள் சைக்கிள் கற்பதைத் தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரிகளில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பெண் சைக்கிளில் ஏறினால் தெரு கேலி பேசும். விழுந்தால் ஊரே பார்க்கும். அப்படியும் வந்தார்கள். யாரும் அவர்களுக்கு விளையாட்டுக் காட்டிப் பிடித்துவைக்கவில்லை.

ஏன் என்று யோசிக்கவேண்டும். தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் பஸ்ஸையும் புருஷனையும் எதிர்பார்க்கவேண்டாம் என்பது முதல் காரணம். கற்றதன் பலன் அன்றைக்கே, சொந்த உடம்பில் தெரிகிறது. இரண்டாவது காரணம் கற்பிப்பவரின் இடம் பற்றியது. சைக்கிள் சொல்லிக்கொடுக்கிறவர் முன்னால் நின்று பேசுவதில்லை. கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறார், மூச்சு வாங்குகிறார், ஒரு இடத்தில் பிடியை விட்டுத்தான் ஆகவேண்டும். விடவில்லை என்றால் அது சைக்கிள் கற்பித்தல் அல்ல. ஓட்டுகிறவர் எங்கே போவார் என்பது அதன்பிறகு அவர் கையில். பட்டா பாடத்தில் நான் பிடியை விடவில்லை. விட்டால் அந்தச் சொல் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

7

இதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர்கள் 1991 கணக்கெடுப்பில் சுமார் 63 சதவீதம். 2011இல் 80 சதவீதம். அதிகரிப்பில் பெரும்பங்கு பள்ளிக்குப் போன பிள்ளைகளால் வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்களில் பலர் கடைசிவரை எழுத்தறியாதவர் கணக்கிலேயே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

திட்டங்கள் நிற்கவில்லை. 2009இல் சாக்ஷர் பாரத் வந்தது, 2018இல் முடிந்தது. 2022 முதல் 2027 வரை என்று புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வந்தது: ஐந்தாண்டில் 5 கோடிப் பேர், தன்னார்வலர்கள், கைபேசி வழியாகப் பாடம். 'முதியோர் கல்வி' என்ற பெயரையே விட்டுவிட்டு 'அனைவருக்கும் கல்வி' என்று வைத்தார்கள். 15 வயதுக்காரரையும் உள்ளடக்கவேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம். ஆனால் பெயரோடு சேர்ந்து வேறொன்றும் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. கற்க வருகிறவர் வயது வந்தவர் என்பதை அந்தப் பழைய பெயராவது ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது. கடன் வாங்கி, கல்யாணம் செய்துகொடுத்து, சாவு பார்த்து, ஓட்டுப் போட்டு, ஏமாற்றப்பட்டு, ஏமாற்றத்தைத் தெரிந்துகொண்டு வந்து உட்காருகிற ஒருவர். அவர் எதிரில் உட்காருகிற தொண்டருக்கு இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது. கைபேசிப் பாடத்துக்கு இதில் எதுவுமே தெரியாது. அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எழுந்து போகிறவரின் முதுகைக்கூட யாரும் பார்க்க வேண்டியதில்லை.

இப்போதும் எப்போதாவது என்னைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் அந்தக் கேள்வி வரத்தான் செய்கிறது. நான் பட்டியல் சொல்வதை நிறுத்திவிட்டேன். கேட்கிற பிள்ளையிடம் பதிலுக்கு மூன்று விஷயம் கேட்கிறேன். போன வாரம் உன் வகுப்பிலிருந்து நின்றவர் யார்? நிற்பதற்கு முன்னால் கடைசியாக அவர் உன்னிடம் என்ன கேட்டார்? நீ என்ன சொன்னாய்?

முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். மூன்றாவதற்கு அநேகமாகத் தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் வற்புறுத்துவதில்லை. முகாம் முடிந்து பஸ் ஏறும் நேரத்தில் யாராவது ஒருவர் தனியாக வந்து சொல்வார், "சார், அந்த மூணாவது கேள்விக்கு..." என்று தொடங்குவார். பஸ் போனால் போகிறது என்று அதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.